ஆப்பில் ஸ்பீக்கர் தெரியவில்லை: ரூட்டரை மாற்றுவதா, மெஷ் வாங்குவதா, இருப்பதையே திருத்துவதா?

வைஃபை ஸ்பீக்கரில் விளக்கு எரிகிறது. போனில் வைஃபை கோடுகள் முழுசாக நிற்கின்றன, வீடியோவும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஸ்பீக்கரின் ஆப்பைத் திறந்தால் மட்டும் "சாதனம் எதுவும் கிடைக்கவில்லை" என்று வருகிறது. இந்த நிலையில் பலரும் முதலில் செய்வது ரிப்பீட்டரோ (சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் கருவி) மெஷ்ஷோ (சேர்ந்து ஒரே வைஃபை தரும் பல பெட்டிகள்) வாங்குவதுதான். வாங்கி மாட்டிய பிறகும் ஸ்பீக்கர் தெரியாமல் போவதுண்டு. சிக்னல் குறைவதும் ஆப்பால் ஸ்பீக்கரைத் தேட முடியாமல் போவதும் பெரும்பாலும் வெவ்வேறு கோளாறுகள். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது.

ஆப்புக்கு ஸ்பீக்கரின் முகவரி முன்கூட்டியே தெரியாது. அதனால் "இங்கே ஸ்பீக்கர் யாராவது இருக்கிறீர்களா?" என்று வீட்டு நெட்வொர்க் முழுக்கக் கூவிக் கேட்கும். போனிலிருந்து ஸ்பீக்கரில் பாட்டு போட வைக்கும் வசதிகளான ஏர்பிளே, கூகுள் காஸ்ட், ஸ்பாட்டிஃபை கனெக்ட் ஆகியவை எம்டிஎன்எஸ் என்ற முறையில் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353ஆம் போர்ட்டில் (முகவரிக்குள் கதவு எண் போன்றது) கூவும். டிஎல்என்ஏ என்ற பொது முறையில் பாட்டு பகிரும் சாதனங்களும் சோனோஸ் கம்பெனி ஸ்பீக்கர் போன்றவையும் எஸ்எஸ்டிபி என்ற முறையில் 239.255.255.250 என்ற முகவரிக்கு, 1900ஆம் போர்ட்டில் கூவி வந்தவை. ஒரே செய்தியை ஒரே நேரத்தில் பலருக்கும் அனுப்பும் இதற்கு மல்டிகாஸ்ட் என்று பெயர். கீரை விற்கிற அம்மாவின் குரல் அந்தத் தெருவோடு நிற்பதுபோல, இந்தக் குரலும் ஒரு ரூட்டரைத் தாண்டி அடுத்த நெட்வொர்க்குக்குப் போகாது. போகக் கூடாது என்றுதான் அதை அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே குரல் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு, அதற்கேற்ற வழிக்கு மட்டும் பணம் போடுவதுதான் சரி.

எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், அந்த வழி தேடல் குரலைக் கடத்துகிறதா என்பது. வேகம் கூடுமா என்ற கேள்வி இதற்குப் பிறகுதான். இரண்டாவது, கரண்ட் போய் வந்த பிறகும் யாரும் கை வைக்காமல் தானே சரியாக நிற்கிறதா. வீட்டில் பெரியவர்கள் தனியாக இருக்கும் நேரத்தில் ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்யச் சொல்ல முடியாது. மூன்றாவது, இதைச் செய்யும்போது வேறு எவை கலையும்: சிசிடிவி, பிரிண்டர், ஃபைபர் பெட்டியில் மாட்டிய லேண்ட்லைன் போன். நான்காவது, ரூட்டருக்குள் நுழைந்து மாற்றும் உரிமை உங்களிடம் இருக்கிறதா. பணத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும். முதல் நான்கும் தெளிந்தால் பலருக்கும் செலவே இருக்காது.

பத்து நிமிடச் சோதனை

போனிலிருந்து தொடங்குங்கள். ஐபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், வீட்டு நெட்வொர்க்கில் தேட ஒவ்வொரு ஆப்பும் தனி அனுமதி வாங்க வேண்டும். முதல் தடவை கேட்டபோது தெரியாமல் மறுத்திருந்தால் ஆப் மறுபடி கேட்காது. செட்டிங்ஸில் பிரைவசி & செக்யூரிட்டி, அதற்குள் லோக்கல் நெட்வொர்க் என்ற இடத்தில் அந்த ஆப்பின் பெயர் ஆன் ஆகியிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் ஆப்பின் அனுமதிகளுக்குள் 'நியர்பை டிவைசஸ்' என்பதைப் பாருங்கள். பழைய ஆண்ட்ராய்டு என்றால் லொகேஷன் அனுமதியோடு லொகேஷனும் ஆனில் இருக்க வேண்டும். விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். மொபைல் டேட்டாவையும் சோதனை முடியும்வரை அணைத்து வையுங்கள்.

அடுத்து, அதே ஸ்பீக்கரை வேறு ஆப்பில் தேடுங்கள். ஸ்பாட்டிஃபையின் சாதனப் பட்டியலிலோ ஐபோனின் ஏர்பிளே பட்டியலிலோ ஸ்பீக்கர் தெரிந்து, கம்பெனியின் சொந்த ஆப்பில் மட்டும் தெரியாவிட்டால் உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் பெரும்பாலும் பெரிய குறை இல்லை. 2024 மே மாதம் சோனோஸ் தன் ஆப்பை அடியோடு மாற்றி வெளியிட்டபோது ஸ்பீக்கர்கள் தெரியவில்லை, கட்டளை கேட்கவில்லை என்று உலகெங்கும் புகார் எழுந்தது. ஜூலையில் அதன் தலைமை நிர்வாகி பாட்ரிக் ஸ்பென்ஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், 2025 ஜனவரியில் பதவி விலகினார். 2025 மார்ச் 9 அன்று இன்னொன்று நடந்தது. ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதால் டிவியிலும் ஸ்பீக்கரிலும் மாட்டும் கூகுள் கருவிகளான இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும் குரோம்காஸ்ட் ஆடியோவும் வேலை செய்யாமல் நின்றன. ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுள் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு முன்பே ரீசெட் செய்தவர்களுக்குத் திருத்தம் வந்த பிறகும் கூடுதல் வேலை மிஞ்சியது. ரீசெட் என்பது கடைசியாகச் செய்ய வேண்டியது என்பதை இதற்காகவே அழுத்திச் சொல்கிறோம்.

மூன்றாவது, முகவரிகளைப் பாருங்கள். போனின் வைஃபை விவரத்தில் ஐபி முகவரி இருக்கும். ஸ்பீக்கரின் முகவரி ரூட்டரின் 'கனெக்டட் டிவைசஸ்' பட்டியலில் இருக்கும். போனுக்கு 192.168.1.23, ஸ்பீக்கருக்கு 192.168.1.40 என்றால் இரண்டும் ஒரே தெரு, அதாவது ஒரே நெட்வொர்க். ஸ்பீக்கருக்கு 192.168.0.105 என்றிருந்தால் மூன்றாவது எண் மாறிவிட்டது, நடுவில் ஒரு ரூட்டர் நிற்கிறது என்று பொருள். ஜியோ ஃபைபர் பெட்டியில் இந்த இடத்தில் வழக்கமாக 29 வரும்.

கடைசியாக பிங், அதாவது ஒரு சாதனம் பதில் தருகிறதா என்று தட்டிப் பார்ப்பது. அதே வைஃபையில் இருக்கும் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பிங் கட்டளையோடு ஸ்பீக்கரின் முகவரியைக் கொடுங்கள். நான்கு வரியிலும் பதில் மில்லிசெகண்டில் வந்தால் பாதை திறந்திருக்கிறது, தேடல் குரல் மட்டும் எங்கோ அடைபடுகிறது. 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றே நான்கு வரியும் வந்தால் பாதையே அடைபட்டிருக்கலாம். சில சாதனங்கள் பிங்குக்குப் பதில் சொல்வதேயில்லை. அதனால் ஸ்பீக்கரை மட்டும் நம்பாமல், அதே வைஃபையில் இருக்கும் பிரிண்டர், டிவி என்று இன்னொன்றையும் பிங் செய்து பாருங்கள்.

| சோதனையில் கண்டது | குரல் நிற்கும் இடம் | பார்க்க வேண்டிய வழி |
|---|---|---|
| வேறு ஆப்பில் ஸ்பீக்கர் தெரிகிறது | பெரும்பாலும் அந்த ஆப்புக்குள்ளேயே | அனுமதி, அப்டேட். செலவு தேவையில்லை |
| முகவரியில் மூன்றாவது எண் வேறு | இரண்டு ரூட்டருக்கு நடுவில் | இரண்டாவதை அக்சஸ் பாயிண்ட் (முகவரி வழங்காமல் வைஃபை மட்டும் தரும் பெட்டி) ஆக்குவது |
| மூன்றாவது எண் ஒன்றே, எதற்கும் பிங் போகவில்லை | ரூட்டரின் ஐசொலேஷன் (சாதனங்களைப் பிரித்து வைக்கும் தடுப்பு) | செட்டிங்கைத் திருத்துவது |
| ரீஸ்டார்ட் செய்ததும் தெரிந்து, நாலைந்து நிமிடத்தில் மறைகிறது | ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (வழி 1இல் விளக்கம்) | செட்டிங்கைத் திருத்துவது |
| ரூட்டர் பக்கத்தில் தெரிகிறது, மாடியில் தெரியவில்லை | சுவரும் தூரமும் | லேன் வயர், இல்லாவிட்டால் மெஷ் |
| ரூட்டரின் பட்டியலிலேயே ஸ்பீக்கர் இல்லை | வைஃபையில் சேரவேயில்லை | 2.4 கிகாஹெர்ட்ஸ், பாஸ்வேர்டு முறை |

வழி 1: இருக்கும் ரூட்டரின் செட்டிங்கைத் திருத்துவது

ஒரே ரூட்டர், நடுத்தர அளவு வீடு என்றால் இதுதான் முதல் தேர்வு. காசு செலவில்லை, அரை மணி நேர வேலை.

ஏபி ஐசொலேஷன், கிளையன்ட் ஐசொலேஷன், வயர்லெஸ் ஐசொலேஷன் என்று ரூட்டருக்கு ரூட்டர் பெயர் மாறும். வேலை ஒன்றுதான்: வைஃபையில் இருக்கும் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசாமல் தடுப்பது. இன்டர்நெட் மட்டும் எல்லாவற்றுக்கும் கிடைக்கும். அதனால்தான் வெளியே பார்க்க எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைப் பக்கங்களிலும் இதைத் தனித்தனியே ஆஃப் செய்ய வேண்டும். கெஸ்ட் வைஃபையில் இந்தத் தடுப்பு வழக்கமாகப் பிறவியிலேயே உண்டு. ஸ்பீக்கரோ போனோ அதில் இருந்தால் மெயின் வைஃபைக்கு மாற்றுங்கள்.

ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கின் கதை வேறு. யார் எந்தக் குழுவின் குரலைக் கேட்க விரும்புகிறார்கள் என்று ரூட்டரும் சுவிட்சும் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, அவர்களுக்கு மட்டும் மல்டிகாஸ்ட்டை அனுப்பும் ஏற்பாடு இது. "இன்னும் கேட்கிறீர்களா?" என்று அவ்வப்போது விசாரிக்க நெட்வொர்க்கில் ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு குவெரியர் என்று பெயர். அவர் இல்லாவிட்டால், வழக்கமான கணக்குப்படி 260 விநாடியில் பெயர் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடும். ஸ்பீக்கரை ஆஃப் செய்து ஆன் செய்ததும் தெரிவதும், நாலு நிமிடம் கழித்துக் காணாமல் போவதும் இதனால்தான். 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளை ஸ்னூப்பிங் தடுக்கக் கூடாது என்பது விதி. ஆகவே எம்டிஎன்எஸ் பெரும்பாலும் தப்பித்துவிடும், எஸ்எஸ்டிபிதான் மாட்டிக்கொள்ளும். ஒரே வீட்டில் ஏர்பிளே ஸ்பீக்கர் தெரிந்து டிஎல்என்ஏ ஸ்பீக்கர் மட்டும் மறைந்தால் சந்தேகம் நேராக இங்கே போகட்டும்.

ஸ்னூப்பிங்கை ஆஃப் செய்து பார்க்கலாம். ஆனால் ஃபைபர் கம்பெனி டிவி சேனல்களையும் அதே பெட்டி வழியாக மல்டிகாஸ்ட்டில் தருகிறது என்றால், ஆஃப் செய்ததும் அந்த ஓட்டம் முழுக்க வைஃபையில் கொட்டி வேகத்தைக் கெடுக்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஸ்னூப்பிங்கை ஆனிலேயே விட்டு, ரூட்டரில் குவெரியர் என்ற தேர்வு இருந்தால் அதை ஆன் செய்வதே சரி.

ஸ்பீக்கர் பட்டியலிலேயே இல்லையா? பழைய ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், டபிள்யூபிஏ3 பாஸ்வேர்டு முறை தெரியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த முறைக்கு மாற்றுங்கள். அதிலும் சேரவில்லை என்றால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். 2.4இல் சேனல் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை நிலையாக வையுங்கள். ஆட்டோவில் விட்டால் சில ரூட்டர்கள் 12, 13 என்று போய்விடும், அந்தச் சேனல்களைப் பார்க்கவே முடியாத ஸ்பீக்கர்கள் உண்டு.

இந்த வழியில் அதிகம் நடக்கும் தவறு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவது. ஒன்றை மாற்றி, ரீஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வேலை முடிந்ததும் ரூட்டரின் ஒவ்வொரு செட்டிங் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைப்பது மிக முக்கியம். ஃபைபர்காரர் பெட்டியை மாற்றினாலோ ரீசெட் பட்டனை அழுத்தினாலோ எல்லாம் பழையபடி போய்விடும். சில கம்பெனிப் பெட்டிகளில் வாடிக்கையாளருக்குத் தரும் லாகினில் இந்தப் பக்கங்களே வராது. அப்படியானால் வழி 2தான்.

வழி 2: இரண்டாவது ரூட்டரை அக்சஸ் பாயிண்ட் ஆக்குவது

நம் வீடுகளில் மிக அதிகமாகத் தேவைப்படும் திருத்தம் இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஃபைபர் கம்பெனி ஒரு பெட்டி தருகிறது, அதிலேயே ரூட்டரும் வைஃபையும் உண்டு. சிக்னல் போதவில்லை என்று நாமும் ஒரு ரூட்டர் வாங்கி அதன் பின்னால் மாட்டுகிறோம். இப்போது வீட்டுக்குள் இரண்டு தெரு. ஸ்பீக்கரை வாங்கிய அன்று போன் எந்த வைஃபையில் இருந்ததோ அதில் ஸ்பீக்கர் உட்கார்ந்துவிடும். பிறகு போன் மற்ற வைஃபைக்குத் தாவினால் ஸ்பீக்கர் காணோம். சிக்னல் மட்டும் இரண்டு பக்கமும் பிரமாதமாக இருக்கும்.

ரூட்டரில் 'அக்சஸ் பாயிண்ட் மோட்' என்ற தேர்வு இருந்தால் அதைத் தேர்ந்து ரீஸ்டார்ட் செய்தால் போதும், கேபிளை எந்தத் துளையில் மாட்டுவது என்று அதுவே சொல்லும். அந்தத் தேர்வு இல்லாத பழைய ரூட்டரில் கையால் செய்ய வேண்டும்:

1. லேப்டாப்பை இரண்டாவது ரூட்டரில் மட்டும் இணைத்து அதன் செட்டிங் பக்கத்தைத் திறக்கவும்.
2. அதன் லேன் (வீட்டுப் பக்க) முகவரியை முதல் பெட்டியின் தெருவுக்கு மாற்றவும். முதல் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 தரலாம். முதல் பெட்டி மற்றவற்றுக்கு வழங்கும் முகவரி வரிசைக்குள் இந்த எண் வராமல் பார்த்துக்கொள்ளவும்.
3. இரண்டாவது ரூட்டரின் டிஎச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி வழங்கும் வேலை) ஆஃப் செய்யவும்.
4. முதல் பெட்டியிலிருந்து வரும் கேபிளை வான் (WAN, வெளி இன்டர்நெட்டுக்கானது) துளையிலிருந்து பிடுங்கி, லேன் (LAN) துளை ஒன்றில் செருகவும். வான் துளை பெரும்பாலும் நிறம் மாறித் தனியாக இருக்கும். அது காலியாகவே இருக்கட்டும்.
5. ஸ்பீக்கர், போன் இரண்டையும் ஆஃப் செய்து ஆன் செய்து, முகவரியின் மூன்றாவது எண் ஒன்றாகிவிட்டதா என்று பார்க்கவும்.

மூன்றாவது படியை மறந்து நான்காவதைச் செய்தால் வீட்டில் இரண்டு பேர் முகவரி வழங்க ஆரம்பிப்பார்கள். சில சாதனத்துக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது, எது எப்போது என்று சொல்ல முடியாது. மூன்றைச் செய்து நான்கை மறந்தால் இரண்டாவது ரூட்டரில் சேரும் எதற்கும் முகவரி கிடைக்காது.

இதில் மறைந்திருக்கும் செலவு, பழைய தெருவின் முகவரியை நிலையாக எழுதி வைத்திருந்த சிசிடிவி ரெக்கார்டர், பிரிண்டர் போன்றவற்றுக்கு மறுபடி முகவரி தர வேண்டியிருப்பது. இரண்டாவது ரூட்டரில் போட்டிருந்த குழந்தைகளுக்கான கட்டுப்பாடும் வேலை செய்யாது.

கம்பெனிப் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரூட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) போட்டு, நம் ரூட்டரையே தலைவராக்குவதும் உண்டு. நல்ல ரூட்டர் கையில் இருந்து, செட்டிங் எல்லாம் தன் கட்டுப்பாட்டில் வேண்டும் என்பவருக்கு அது பொருந்தும். ஆனால் கம்பெனி சம்மதித்து யூசர்நேமும் பாஸ்வேர்டும் தர வேண்டும். பெட்டியில் மாட்டிய லேண்ட்லைன் நின்றுபோகுமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கர் பிரச்சினைக்காக மட்டும் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

வழி 3: லேன் வயர்

வைஃபையில் சாதாரணச் செய்தி வழியில் தொலைந்தால் மறுபடி அனுப்பப்படும். மல்டிகாஸ்ட் குரலுக்கு அந்த வசதி இல்லை. ஒருமுறை குறைந்த வேகத்தில் கூவிவிட்டுப் போய்விடும், யாருக்குக் கேட்டது என்று சரிபார்ப்பதில்லை. அதனால்தான் வீடியோ ஓடுகிற அளவு சிக்னல் உள்ள அறையிலும் ஸ்பீக்கர் சிலசமயம் தெரிந்து சிலசமயம் மறைகிறது. வயரில் இந்தத் தொல்லை இல்லை.

கான்கிரீட் தளம் தாண்டி மாடிக்குப் போக வேண்டிய வீட்டுக்கு ஒரே ஒரு கேட் 6 கேபிள் இழுத்து, மேலே அக்சஸ் பாயிண்டாக்கிய பழைய ரூட்டரை வைப்பது, புது மெஷ்ஷை விட நம்பகமானது. 100 மீட்டர் வரை ஒரே இழுப்பாகப் போகலாம். கேபிள் வாங்கும்போது சுத்தச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, சிசிஏ என்பார்கள், மலிவாகக் கிடைக்கும். வளைத்து இழுக்கும்போது எளிதில் முறியும். கரண்ட் வயர் போகும் பைப்புக்குள்ளேயே இதையும் நுழைக்க எலக்ட்ரீஷியன் சொன்னால் சம்மதிக்காதீர்கள், தனிப் பைப் போடச் சொல்லுங்கள்.

சிறிய ஸ்பீக்கர்கள் பலவற்றில் லேன் துளையே இருக்காது. துளை உள்ள பழைய சோனோஸ் ஒன்றை வயரில் மாட்டினால் அது சோனோஸ்நெட் என்ற தனி வலையைத் தானே விரித்து மற்றவற்றைச் சேர்த்துக்கொள்ளும். எரா 100, எரா 300, மூவ், ரோம் ஆகிய சோனோஸ் மாடல்கள் அந்த வலையில் சேராது.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது என்பதுதான் இந்த வழிக்குப் பெரிய தடை.

வழி 4: மெஷ்

வயர் இழுக்க வழியில்லை, வீடு பெரியது, எல்லோரும் நடமாடிக்கொண்டே போனைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் மெஷ் நல்ல தேர்வு. எந்த முனையில் (மெஷ் பெட்டியில்) இருந்தாலும் ஒரே தெரு என்பது அதன் பலம்.

அந்தப் பலத்தைக் கெடுப்பது மாட்டும் விதம். பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டினால் மெஷ் வழக்கமாக ரூட்டர் மோடில்தான் எழும். பின்னால் கம்பெனிப் பெட்டியின் வைஃபையும் ஓடிக்கொண்டிருக்கும். ஆக, ஆயிரக்கணக்கில் கொடுத்து மறுபடி இரண்டு தெருக்களை உண்டாக்கியிருப்போம். மெஷ்ஷை அக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றி, கம்பெனிப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் மெஷ்ஷுக்குக் கொடுத்தால் ஸ்பீக்கர், டிவி, கேமரா எதையும் மறுபடி செட்டப் செய்ய வேண்டாம். புதுப் பெயர் வைத்தால் ஒவ்வொன்றாகச் சேர்த்தே ஒரு நாள் போய்விடும்.

ஒரு முனைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு கான்கிரீட் சுவருக்கு மேல் இருக்க வேண்டாம். சிக்னலே வராத அறைக்குள் இரண்டாம் முனையை வைப்பது வீண், பாதி வழியில் வைக்க வேண்டும். ஒவ்வொரு முனைக்கும் கரண்ட் தேவை என்பதையும் கணக்கில் எடுங்கள். ரூட்டருக்கு மட்டும் மினி யுபிஎஸ் வைத்திருந்தால், கரண்ட் போனதும் மாடி முனை விழுந்துவிடும்.

வழி 5: ரிப்பீட்டர்

விலை குறைவு, பிளக்கில் செருகினால் போதும். ஆனால் ஸ்பீக்கர் தேடலுக்கு இதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. சாதாரண ரிப்பீட்டர்கள் பின்னால் இருக்கும் சாதனங்களின் அடையாளத்தை மறைத்துத் தன் அடையாளத்தைக் காட்டி ரூட்டரோடு பேசுகின்றன. அந்த மாற்றலில் மல்டிகாஸ்ட் குரல் சில மாடல்களில் ஒரு பக்கம் மட்டும் போகும். போன் ரூட்டரிலும் ஸ்பீக்கர் ரிப்பீட்டரிலும் இருக்கும்போது மறைந்து, இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்ததும் தெரிந்தால் குற்றவாளி இதுதான். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதில் லேன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களை வயரில் இணைத்து அக்சஸ் பாயிண்டாகப் பயன்படுத்தலாம். அப்போது வழி 3இன் பலன் கிடைத்துவிடும்.

கரண்ட் போய் வந்தால்

எந்த வழியானாலும் இதைச் செய்யுங்கள்: ரூட்டரின் டிஎச்சிபி ரிசர்வேஷன் பக்கத்தில் ஸ்பீக்கருக்கு ஒரு முகவரியை நிலையாக ஒதுக்கிவிடுங்கள். அப்படிச் செய்தாலும், ரூட்டர் எழுவதற்குள் ஸ்பீக்கர் விழித்துக்கொண்டால், முகவரி தர ஆளில்லாமல் 169.254 என்று தொடங்கும் ஒன்றைத் தானே எடுத்துக்கொள்ளும் சாதனங்கள் உண்டு. அப்படி ஆனால் முதலில் ஃபைபர் பெட்டி, அது முழுசாக எழுந்ததும் இரண்டாவது ரூட்டர் அல்லது மெஷ், கடைசியில் ஸ்பீக்கர் என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள். ரூட்டருக்கு மினி யுபிஎஸ் இருந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும்.

வழி 6: தேடலே இல்லாமல் பாட்டு கேட்பது

ஒரே அறை, ஒரே ஸ்பீக்கர் என்றால் புளூடூத்தும் ஆக்ஸ் வயரும் குறைவான தீர்வு இல்லை. நெட்வொர்க் எப்படியிருந்தாலும் வேலை செய்யும். புளூடூத்தில் பாட்டு போன் வழியாகவே போகும் என்பதால் அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும், போனோடு பத்து மீட்டருக்கு மேல் நகர்ந்தால் வெட்டும், பேட்டரியும் குறையும். காஸ்ட் முறையில் ஸ்பீக்கரே பாட்டை இன்டர்நெட்டிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும், போனை அணைத்தாலும் ஓடும். பல அறைகளில் ஒரே பாட்டு வேண்டும் என்பவர்களுக்குப் புளூடூத் பெரும்பாலும் பொருந்தாது.

ஹாஸ்டல், பிஜி, சர்வீஸ் அபார்ட்மெண்ட் போன்ற இடங்களில் பொது வைஃபையில் ஐசொலேஷன் ஆனில்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். இல்லையென்றால் அடுத்த அறைக்காரர் உங்கள் ஸ்பீக்கரில் பாட்டு போடுவார். அங்கே அனுமதி கேட்டுக்கொண்டு, அறையின் லேன் துளையில் ஒரு சிறிய ரூட்டரை மாட்டி உங்களுக்கென்று தனி வைஃபை வைத்துக்கொள்ளலாம். இங்கே மட்டும் கேபிள் வான் துளையிலேயே இருக்கட்டும், டிஎச்சிபியும் ஆனிலேயே இருக்கட்டும். வீட்டில் இடைஞ்சலாக இருந்த இரண்டாவது தெரு இங்கே உங்களுக்கு வேண்டியது: போனும் ஸ்பீக்கரும் அதற்குள் ஒன்றாக இருக்கும், வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.